தலைவர் எனச் சொல்லக் கூடாதவர்கள்

குருவிமலைத் தோட்டத்தில் இராஜத்தின் வேலை போனதற்குக் குளவிதான் காரணம் என்று நிர்வாகம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குக் கொடுத்த குற்றப்பத்திரிகையில் குளவி என்ற சொல்லே இல்லை. நியாயமான பணிப்புரையை மீறியது ஒன்று, மற்றவர்களை மீறத் தூண்டியது இரண்டு என்று சிங்களத்தில் இரண்டே வரி. பலாங்கொடை டவுனில் புடவைக் கடையில் நிற்கும் மகள் தனுஜாதான் அதை வாசித்துச் சொன்னாள்.

நடந்தது இதுதான். பெப்ரவரி முதல் வாரத்துத் திங்கட்கிழமை. ஏழாம் நம்பர் தேயிலை மலையின் மேட்டில், சவுக்கு மரத்துக் கிளையில், தண்ணீர்க்குடம் அளவுக்கு ஒரு குளவிக்கூடு தொங்கியது. கணக்கப்பிள்ளை அறுபது பெண்களையும் அந்த மலைக்குள் இறங்கச் சொன்னார். இராஜம் இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டியபடி அண்ணாந்து பார்த்தாள். முப்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவள். குளவி கொட்டி வீங்கிய முகங்களை நிறையப் பார்த்தவள்.

"கூட்ட எடுத்துட்டு சொல்லுங்க, எறங்குறோம்," என்றாள்.

"அக்கா எறங்கலன்னா நானும் எறங்கல," என்றாள் பின்னால் நின்ற சுதர்ஷினி. லயத்து வீட்டு வரிசையில் இராஜத்தின் பக்கத்துக் காம்பராவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை; மலைக்கு வரும்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வருவாள். பிறகு வேறொருத்தியும் இறங்க மாட்டேன் என்றாள், அதற்குப் பிறகு இன்னொருத்தி. அரை மணித்தியாலம் யாரும் இறங்கவில்லை; பிறகு மிரட்டலில் இறங்கினார்கள், அன்று குளவி கலையவில்லை. அந்த அரை மணித்தியாலம்தான் குற்றம். மற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம். முதலில் வாய் திறந்தவளுக்கு விசாரணை.

விசாரணை என்றால் தொழிலாளிக்குத் துணையாகச் சங்கம் போகும். அது வழக்கம். குருவிமலையில் எல்லோரும் ஒற்றுமைச் சங்கம்தான். கடிதத் தலைப்பில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த வருஷம் சங்கத்துக்கு ஒரு சங்கடம் வந்திருந்தது.

ஜனவரியில் இரத்தினபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேராளர் மாநாடு கூடித் தலைவர் தேர்தல் வைத்தார்கள். இருபத்திரண்டு வருஷம் தலைவராக இருந்த தெய்வேந்திரம் ஒருபக்கம். அவருடைய தங்கையைக் கட்டிய துஷாந்தன் மறுபக்கம். வாக்குப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மேடையின் இடது ஓரத்தில் தெய்வேந்திரத்துக்கு மாலை விழுந்தது. வலது ஓரத்தில் துஷாந்தனுக்கு விழுந்தது. இரண்டும் ஒரே கடை மாலை. அடுத்த வாரம் தெய்வேந்திரம் நீதிமன்றத்துக்குப் போய், துஷாந்தன் தலைவராகச் செயற்படக் கூடாதென்று தடையுத்தரவு வாங்கினார். அதற்கடுத்த வாரம் துஷாந்தன் போய், தெய்வேந்திரம் தலைவராகச் செயற்படக் கூடாதென்று வாங்கினார். பொதுச்செயலாளரைத் துஷாந்தன் பதவி நீக்கினார். நீக்கியது நடைமுறைக்கு வரக் கூடாதென்று ஒரு தடை வந்தது. நீக்கப்படாதவர் செயற்படவும் கூடாதென்று இன்னொரு தடை வந்தது. சின்னத்தை யாரும் பாவிக்கக் கூடாது என்றும் ஆனது. கடிதத் தலைப்பில் கைகள் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. பதினான்கு நாளைக்கு ஒரு தரம் எல்லாத் தடைகளையும் ஒன்றாக நீடித்தார்கள். வாக்குப் பெட்டி நீதிமன்றப் பொறுப்பில் பூட்டியபடி இருந்தது. அதைத் திறந்து எண்ணிப் பார்க்கலாமே என்று இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

இதெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றுதான் இராஜம் நினைத்திருந்தாள், விசாரணை நாள் வரைக்கும்.

கொழும்பிலிருந்து வந்த விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இராஜத்துக்குப் பக்கத்தில் சங்கத்தின் தோட்டத் தலைவர் காளிதாஸ் உட்கார்ந்திருந்தார். காளிதாஸ் வாய் மூடாத மனுஷன். திருவிழாவில் மைக்கைப் பிடித்தால், சாமி தேர் ஏறி லயத்தைச் சுற்றித் திரும்பி வரும்போதும் பேசிக்கொண்டிருப்பார். அன்று வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்தார்.

"சங்கத்தின் சார்பில் ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார்.

காளிதாஸ் தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார். முன்னால் இருந்த தேத்தண்ணீரைப் பார்த்தார்.

"சொல்லுங்க தலைவரே," என்றாள் இராஜம்.

அவர் குனிந்து அவள் காதோரம், "வாயத் தொறந்தா கோர்ட்ட அவமதிச்சதா ஆயிரும்க்கா," என்றார்.

அதிகாரி எழுதினார். எழுதியதைச் சத்தமாகவும் வாசித்தார்: "சங்கம் ஆட்சேபனை எதனையும் தெரிவிக்கவில்லை."

தோட்ட ஒபிஸ் படியில் இறங்கியதும் காளிதாஸுக்குப் பேச்சுத் திரும்பி வந்துவிட்டது. "நல்லா யோசிச்சுப் பாருங்கக்கா. நான் தோட்டத் தலைவரு. எனக்கு அதிகாரம் எங்கயிருந்து வருது? மேல உள்ள தலைவர்கிட்டயிருந்து. மேல உள்ளது யாருன்னு கோர்ட் இன்னும் சொல்லல. நான் வாயத் தொறந்தா ரெண்டுல ஒருத்தருக்காகப் பேசுனதா ஆகும். மத்தவரு என் மேல கேஸ் போட்டுருவாரு."

"எனக்காகப் பேசியிருக்கலாமே தலைவரே."

காளிதாஸ் உண்மையாகவே யோசித்தார். "அப்படி ஒரு வழி நம்ம சங்கச் சட்ட யாப்புல இல்லக்கா," என்றார்.

பத்து நாளில் வேலை நீக்கக் கடிதம் வந்தது. தொழில் நியாயசபையில் முறையிடலாம், ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், ஆனால் சங்கம்தான் போட வேண்டும், அதற்குத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்று காளிதாஸ் சொன்னார். அதை இராஜம் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

சங்கத்தின் தலைமைக் கந்தோருக்கு ஒற்றுமை இல்லம் என்று பெயர். வெளிக்கதவில் இரண்டு பூட்டு. அவற்றின் திறப்புகள் தெய்வேந்திரத்திடம் ஒன்று, துஷாந்தனிடம் ஒன்று. இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். ஆகவே இரண்டு பேரும் தினமும் ஒன்பது மணிக்குச் சரியாக வந்தார்கள். வேறெந்த வருஷத்திலும் தலைவர்கள் இவ்வளவு ஒழுங்காகக் கந்தோருக்கு வந்ததில்லை என்று கிளார்க் தனுஜன் பெருமையாகச் சொன்னார். அவர் இரண்டு பேருக்கும் கிளார்க். காலையில் ஒருவர் அறையில் இருந்து மற்றவருக்கு எதிராகக் கடிதம் தட்டச்சு செய்வார். பின்னேரம் அடுத்த அறைக்குப் போய் அதற்குப் பதில் தட்டச்சு செய்வார்.

இராஜம் முதலில் தெய்வேந்திரத்தைப் பார்த்தாள். கதவில் இருந்த 'தலைவர்' பலகையின் மேல் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அவர் எழுந்து கும்பிட்டார். கண்கூடக் கலங்கியது.

"உங்க வேல நீக்கக் கடிதத்த வாசிச்சேன் அம்மா. என் நெஞ்சு எரியுது. இந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டுருவேன். ஆனா போட்டா அது நீதிமன்றத்த அவமதிக்கிறது. போடாம விட்டா உங்களத்தான் அவமதிக்கிறேன். நீங்க சொல்லுங்க, நான் நீதிமன்றத்த அவமதிக்க முடியுமா?"

இராஜம் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"ஆனா உங்கள நான் கைவிட மாட்டேன்," என்றார் அவர். மேசை இழுப்பறையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். துஷாந்தனின் சதியால் சங்கம் முடங்கிப் போனதால் தன் வேலை பறிபோனது என்று இராஜம் சத்தியம் செய்து கையெழுத்திடும் சத்தியக் கடதாசி அது. அவள் பெயர் மட்டும் நிரப்ப வேண்டியிருந்தது. அவளுக்காகத்தான் ஏதோ போகிறது என்று நம்பி இராஜம் கையெழுத்துப் போட்டாள்.

எதிர் அறையில் துஷாந்தன் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் கைபோட்டு, தனுஜனின் கையில் போனைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னார். "என் சகோதரி ஒருத்தி இன்று தெருவில் நிற்கிறார்," என்று போனைப் பார்த்துச் சொன்னார். பேசி முடிந்ததும் கையை எடுத்துக்கொண்டார். "அக்கா, நான் புதுத் தலைமுறை. எனக்குக் கையெழுத்து, கடிதம் எல்லாம் பெரிசில்ல. ஆனா தடை இருக்கே. பழசு பதவிய விட்டுட்டுப் போனா அடுத்த நாளே உங்க வேல உங்களுக்கு. அதுவரைக்கும் நீங்க எனக்கு உதவி பண்ணணும்." அவரும் ஒரு தாள் எடுத்தார். தெய்வேந்திரத்தின் பதவி ஆசையால் வேலை பறிபோனது என்று அதில் இருந்தது. மற்ற வரிகளெல்லாம் முந்தியதில் இருந்தவைதான். இரண்டையும் தட்டச்சு செய்தது தனுஜன்தானே.

இப்படியாக இராஜம் ஒரு வழக்கில் முறைப்பாட்டுக்காரர் தரப்பு ஆவணம் பதினான்காகவும், இன்னொரு வழக்கில் எதிராளி தரப்பு ஆவணம் ஒன்பதாகவும் ஆனாள். அவளுக்கென்று ஒரு வழக்கு மட்டும் இல்லை.

ஜூன் மாதம் இரண்டு பக்கமும் வரச் சொன்னதால் அவளே ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போனாள். விடிய முன் லயத்திலிருந்து இறங்கி முதல் பஸ் பிடித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். வழக்கிலக்கத்தைக் கூப்பிட்டதும் ஆறு சட்டத்தரணிகள் எழுந்தார்கள். ஆறு பேரும் ஒருவரையொருவர் 'கற்றறிந்த நண்பர்' என்றார்கள். ஒருவர் ஆட்சேபனைக்குத் தவணை கேட்டார். மற்றவர் ஆட்சேபனைக்கு ஆட்சேபனை இல்லை என்றார். தடைகள் நீடிக்கப்பட்டன. ஆறு பேரும் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"முடிஞ்சிருச்சா?" என்று பக்கத்தில் இருந்த பொலிஸ்காரரைக் கேட்டாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்திச்சு," என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் கீழே சிங்களக் கிராமத்தில் ஒரு சின்னத் தேயிலைத் துண்டுக்குக் கொழுந்து எடுக்கப் போனாள். அந்தத் துண்டில் இருந்து பார்த்தால் ஏழாம் நம்பர் மலை தெரியும். சவுக்கு மரமும் தெரியும்.

ஆகஸ்ட் முதல் வாரம். மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து மளமளவென்று விட்டிருந்தது. ஏழாம் நம்பரில் இந்தச் சுற்றுக் கொழுந்தை எடுக்காவிட்டால் இலை முற்றிப்போகும் என்று பெண்களை இறக்கினார்கள். எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர்கள் என்பதால் யாரும் எதுவும் பேசவில்லை. பத்து மணி இருக்கும். மேலே கூக்குரல் கேட்டு இராஜம் நிமிர்ந்தாள். பெண்கள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு செடிகளுக்குள் விழுவது தெரிந்தது. கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

சுதர்ஷினி வடிகானில் விழுந்து கிடந்தாள். ஓடும்போது கால் இடறியிருக்கிறது. முகம் எது, தலை எது என்று தெரியவில்லை. இராஜம் தன் கையாலேயே குளவிகளை வழித்து எறிந்தாள். அவளையும் ஏழெட்டு கொட்டின. கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு நடுவே, சுதர்ஷினியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். "அக்கா, பாப்பா பிள்ளக்காம்பராவுல நிக்கும்," என்று ஒருதரம் தெளிவாகச் சொன்னாள் சுதர்ஷினி. டவுன் எல்லை வருவதற்கு முன் மூச்சு நின்றுவிட்டது.

கூடு இருப்பது பற்றி அங்கீகரிக்கப்பட்ட சங்கம் எதனிடமிருந்தும் எழுத்துமூல முறைப்பாடு கிடைக்கவில்லை என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. அது பொய்யில்லை.

சாவு வீட்டுக்கு இரண்டு தலைவர்களும் வந்தார்கள். இரண்டு மலர்வளையம். இரண்டிலும் பெயருக்குக் கீழே பதவி எழுதிய இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு சட்டத்தரணி, மற்றவர் பேச்சில் தடையை மீறும் சொல் வருகிறதா என்று குறித்துக்கொள்ள. மைக்கைப் பிடித்த காளிதாஸுக்கு வியர்த்துக் கொட்டியது.

"இப்போது, தலைவர் என்று நான் சொல்லாதவரும், ஆனால் உங்கள் எல்லாருக்கும் தெரிந்தவருமான ஐயா அவர்கள் இரங்கலுரை ஆற்றுவார்," என்றார்.

தெய்வேந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்பான தொழிலாளித் தோழர்களே. இந்தத் துயர வேளையில் வழக்கைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எமது பிரதான வழக்கு வருகிற பதினான்காம் திகதி அழைக்கப்படுகிறது என்பதை அறியத்தருகிறேன். இந்தத் தங்கையின் சாவை நாங்கள் வீணாக விடமாட்டோம். அதை ஓர் ஆவணமாகச் சமர்ப்பிப்போம்."

அடுத்து, 'அதே போலத் தலைவர் என்று நான் சொல்லாத மற்றவர்' வந்தார். "நான் இன்று தலைவராக வரவில்லை," என்றார் துஷாந்தன். "தலைவராக இருந்திருந்தால் நேற்றே வந்திருப்பேன். என் மச்சான் பதவியை விட்டிருந்தால் நான் ஏற்றிருப்பேன். நான் ஏற்றிருந்தால் கடிதம் போயிருக்கும். கடிதம் போயிருந்தால் கூடு போயிருக்கும். ஆகவே தோழர்களே, இந்தச் சகோதரியைக் கொட்டியது குளவி அல்ல."

தெய்வேந்திரத்தின் சட்டத்தரணி அவசரமாக எதையோ குறித்தார். பதிலுரைக்கு ஐந்து நிமிஷம் வேண்டும் என்று தெய்வேந்திரம் கை தூக்கினார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சுதர்ஷினியின் புருஷன் காளிதாஸிடம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, தூக்கலாமா? மழ வரப்போகுது."

இராஜத்தின் இடுப்பில் சுதர்ஷினியின் குழந்தை இருந்தது. அது மைக்கைப் பார்த்துக் கையை நீட்டியது. ஐந்து மாதமாகத் தனக்குள் ஏதோ ஒன்று தவணை தவணையாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்ததை இராஜம் அப்போதுதான் உணர்ந்தாள். அது கோபம்.

மூன்றாம் நாள் காலை, பேர் பதிந்து வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு அவளும் போனாள். வேலையில்லாதவள் பெரட்டுக்களத்தில் நிற்கக் கூடாது. யாரும் போகச் சொல்லவில்லை. ஏழாம் நம்பர் என்று கணக்கப்பிள்ளை சொன்னதும் பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். தோட்ட மானேஜர் தொரை ஜீப்பில் வந்தார். அவர் பேசிய தமிழ் கொஞ்சம் சிங்களம் கலந்தது.

"சங்கம் எங்க? சங்கம் இல்லாம நான் யாரோட பேசுறது?"

"எங்களோட பேசுங்க சார்," என்றாள் ஒருத்தி.

"அறுபது பேரோட பேச ஏலாதுனே. யாரு லீடர்?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இராஜம் அக்கா," என்றது ஒரு குரல்.

"அவங்களுக்கு வேல இல்லையே."

"அதனாலதான் சார். அவங்கள இனி வேலய விட்டு நிப்பாட்ட முடியாதே."

கைகள் உயர்ந்தன. கணக்கப்பிள்ளை பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டார். ஐம்பத்தெட்டு. மாலை இல்லை, மேடை இல்லை. இராஜம் எழுந்து ஒரே ஒரு விஷயம் கேட்டாள்: கூட்டை எடுத்த பிறகு இறங்குகிறோம். தொரை மலையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முற்றிக்கொண்டிருக்கும் கொழுந்தை நினைத்தார். கிராமத்தில் இருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த ஆள் புகை போட்டு, பகல் சாப்பாட்டுக்கு முன் கூட்டை எடுத்துவிட்டார். அவ்வளவுதான் வேலை.

மாதக் கடைசியில், சுதர்ஷினியின் மரணச் சான்றிதழைப் போட்டோகொப்பி எடுக்க இராஜம் டவுனுக்குப் போனாள். லேபர் கந்தோருக்கு எதிரில், எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் றம்ஸானின் கடை. மாவனல்லையில் இருந்து வந்து கடை போட்டவர். படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அவர்தான். அவள் பையில் இருந்து சான்றிதழோடு சேர்ந்து வேலை நீக்கக் கடிதமும் வந்து விழுந்தது. அவர் எடுத்து வாசித்தார்.

"இதுக்கு நீங்க ஒன்டும் போடல்லயா?"

"சங்கத்துக்குத் தடை நானா. சங்கம்தானே போடணும்."

"ஆரு சொன்ன அப்பிடி? தொழிலாளியே தன்ட பேருல போடேலும். படிவம் இங்கயே ஈக்கி." அவர் கடிதத்தின் திகதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். "இன்னும் அஞ்சு நாள் ஈக்கி. சங்கத்தில ஒருத்தரும் சொல்லல்லயா?"

இராஜம் கடையின் பலகை வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். தெய்வேந்திரம், துஷாந்தன், ஆறு சட்டத்தரணிகள். அதில் யாருக்காவது தெரியாமல் இருந்திருக்குமா என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் அவளைப் பார்த்துக் கும்பிட்டது.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று றம்ஸான் கேட்டார்.

"வேணாம் நானா. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க."

அன்றே விண்ணப்பம் போனது.

அந்தச் செய்தி ஒற்றுமை இல்லத்துக்கும் போனது. செப்டெம்பர் நடுவில், கிராமத்துத் தேயிலைத் துண்டில் அவள் நிற்கும்போது, காளிதாஸ் மூச்சு வாங்க ஏறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ரெண்டு பேரும் ஒன்னாயிட்டாங்க. டவுன்ல வெடி போடுறாங்க. ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல கையெழுத்து."

"நல்லதுதானே தலைவரே. எதுக்குப் போட்டாங்க?"

காளிதாஸின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "உங்களுக்கு எதிராத்தான்."

மனு இப்படிப் போனது: சங்க யாப்பை மீறிப் பெரட்டுக்களத்தில் சட்டவிரோதத் தேர்தல் ஒன்று நடந்துள்ளது. இராஜம் என்பவர் தலைமையைக் கைப்பற்றியுள்ளார். நிர்வாகத்தோடு பேசி ஒரு கூட்டை அகற்றவும் செய்துள்ளார். இதனால் சங்கத்துக்கு ஈடுசெய்ய முடியாத பாதிப்பு. ஆகவே அவர் தலைவராகச் செயற்படவோ, எந்தத் தொழிலாளியின் சார்பிலும் பேசவோ கூடாது. தடையுத்தரவு கிடைத்துவிட்டது.

"கையெழுத்துப் போட்டா அவமதிப்புன்னாங்களே," என்றாள் இராஜம்.

"அது தலைவரா போட்டா அக்கா. இது மனுதாரரா போட்டது," என்றார் காளிதாஸ். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனார்.

தொழில் நியாயசபை நவம்பரில் கூப்பிட்டது. தனுஜா கடைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு வந்தாள். பெரட்டுக்களத்துப் பெண்களில் ஆறு பேரும் ஒருநாள் பேரை, அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்தார்கள். கம்பனியின் சட்டத்தரணி எழுந்தார்.

"கனம் ஐயா, இவ்விண்ணப்பதாரி எந்தத் தொழிலாளியின் சார்பிலும் பேசக் கூடாதென்று நீதிமன்றத் தடை உள்ளது. இவரே ஒரு தொழிலாளி. ஆகவே இவர் தன் சார்பில் பேசுவதும் ஒரு தொழிலாளியின் சார்பில் பேசுவதாகும்."

"இவர் தொழிலாளி அல்லவென்றுதானே உங்கள் கம்பனி நீக்கியது?" என்று சபைத் தலைவர் கேட்டார்.

"அதுவும் எமது இன்னோர் ஆட்சேபனை," என்றார் சட்டத்தரணி.

சபைத் தலைவர் நல்ல மனுஷன். இராஜத்தைப் பார்த்து ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார். இராஜம் சாட்சிக்கூட்டில் ஏறி நின்று சொன்னாள். சவுக்கு மரத்தை, அரை மணித்தியாலத்தை, லொறியை, மடியில் இருந்த தலையை, பிள்ளைக்காம்பராவில் அம்மா வருவாள் என்று நின்ற குழந்தையை. ஒரு சொல் கூட்டவில்லை. யாரையும் திட்டவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கம்பனிச் சட்டத்தரணிகூடத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முடித்ததும் தட்டச்சுக்காரப் பெண் விரல்களை விசைப்பலகைக்கு மேலே வைத்தபடி, "பதியவா சார்?" என்று கேட்டாள்.

சபைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "தடை இருக்கிறதே," என்றார். "மற்ற வழக்கு முடியட்டும். பதிய வேண்டாம். திகதி குடுங்க."

வெளியே பஸ் தரிப்பிடத்தில் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"என்னாக்கா சொன்னாங்க?"

"மார்ச் ரெண்டாந்தேதி வரச் சொல்றாங்க."

தனுஜா போனை எடுத்து நாட்காட்டியைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். "அம்மா, அன்னைக்குப் பௌர்ணமிப் போயா. லீவு நாளு. பூட்டித்தான் கெடக்கும்."

பலாங்கொடை பஸ் தூரத்தில் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது. இராஜம் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அன்னைக்கே போவோம்," என்றாள். "ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பேசுனா தடுக்க ஆளிருக்காது."